ரூபாய் மதிப்பேற்ற ஈட்டுச் சலுகைகளும் திருப்பூர் வழக்குகளும்

டாலருக்கு எதிராக ரூபாய் வலுக்கும்போது, அதே சரக்குக்கு ஏற்றுமதியாளரின் கணக்கில் வரவாகும் ரூபாய் குறைகிறது. அந்தக் குறைவை ஓரளவு சரிக்கட்ட அரசு தரும் வட்டிக் குறைப்பும் கூடுதல் வரித் திருப்பமும் மதிப்பேற்ற ஈட்டுச் சலுகைகள் எனப்படுகின்றன. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் இவை 2007இல் பெரிய அளவில் பேசுபொருளாயின. இவற்றை ஒட்டியும், இவை போதாமல் போனதாலும் எழுந்த சிக்கல்கள் சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், ஜெனீவாவிலுள்ள உலக வர்த்தக அமைப்பு ஆகிய மூன்று தளங்களில் வழக்காடப்பட்டன. இதே வகைச் சிக்கலை ஐரோப்பாவின் உழவர்கள் 1969 முதலே சந்தித்து நீதிமன்றம் ஏறியிருந்தார்கள்.

2007ஆம் ஆண்டின் ஏற்றம்

2006 ஜூலையில் ஒரு டாலர் 46 ரூபாய்க்கு மேல் விற்றது. 2007 மார்ச், ஏப்ரலில் ரூபாய் வேகமாக வலுத்தது. அந்த ஆண்டு முடியும்போது டாலர் 39 ரூபாய் 40 காசு அளவுக்கு இறங்கியிருந்தது. வெளிநாட்டு முதலீடு பெருகி உள்ளே வந்ததும், ரிசர்வ் வங்கி டாலரை வாங்கிக் குவிப்பதைக் குறைத்துக்கொண்டதும் இதற்குக் காரணங்கள். இறக்குமதி செய்பவர்களுக்கு இது நல்ல செய்தி. டாலரில் விலை பேசி, ரூபாயில் நூல் வாங்கி, ரூபாயில் கூலி கொடுக்கும் திருப்பூருக்கு இது பேரிடி. போட்டி நாடான வங்கதேசத்தின் நாணயமான டாக்கா அந்த ஆண்டில் டாலருக்கு 69 அளவிலேயே நின்றதால், அடி இரட்டிப்பாக விழுந்தது. சுமார் 11,000 கோடி ரூபாயைத் தொட்டிருந்த திருப்பூரின் ஆண்டு ஏற்றுமதி, 2007-08இல் 10,000 கோடி அளவுக்கு இறங்கியது.

ஒரு ஆர்டரின் கணக்கைப் பார்த்தால் நிலைமை விளங்கும். ஒரு டி-ஷர்ட் 2 டாலர், 50,000 பீஸ், மொத்தம் 1 லட்சம் டாலர். ஆர்டர் பிடித்தபோது டாலர் 46 என்றால் வரவு 46 லட்சம் ரூபாய். சரக்கு கப்பலேறிப் பணம் வரும்போது 40 என்றால் 40 லட்சம். இடையில் போனது 6 லட்சம். பின்னலாடையில் லாபமே பெரும்பாலும் இந்த அளவுதான் நிற்கும். ஆர்டர் பிடிப்பதற்கும் பில் பணம் வருவதற்கும் நடுவில் நான்கைந்து மாதம் ஓடிவிடும். அதற்குள் நூல் வாங்கி, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் எல்லாம் முடித்துக் கூலியும் கொடுத்தாகிவிட்டிருக்கும்.

சலுகைத் தொகுப்பு

2007 ஜூலை 12 அன்று நடுவண் அரசு ஒரு நிவாரணத் தொகுப்பை அறிவித்தது. ஆடை, கைத்தறி, தோல், கைவினைப்பொருள் உள்ளிட்ட துறைகளுக்கு, ஷிப்மென்ட்டுக்கு முந்தைய கடனான பேக்கிங் கிரெடிட்டிலும் ஷிப்மென்ட்டுக்குப் பிந்தைய கடனிலும் 2 சதவீத வட்டிக் குறைப்பு, அந்த ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டுத் தரப்பட்டது. டிஇபிபி எனப்படும் சுங்க வரவுப் புத்தகத் திட்ட விகிதம் ஆடைகளுக்கு 3 சதவீதப் புள்ளி கூட்டப்பட்டது. டிராபேக் எனப்படும் சுங்கத் திருப்பமும் உயர்த்தப்பட்டது. ஆண்டின் பிற்பகுதியில் ஆடை போன்ற ஆள்பலத் தொழில்களுக்கு இன்னொரு 2 சதவீத வட்டிக் குறைப்பு சேர்ந்தது.

மேலே சொன்ன ஆர்டருக்கே திரும்பினால், 40 லட்சம் கடனுக்கு ஆறு மாதத்தில் 2 சதவீத வட்டிக் குறைப்பு 40,000 ரூபாய். 3 சதவீதக் கூடுதல் திருப்பம் 1,20,000 ரூபாய். ஆக 6 லட்சம் இழப்புக்கு ஈடு 1,60,000. மீதி 4,40,000 ரூபாய்க்கு வழி இல்லை.

அந்த மீதியை யார் சுமந்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் மிகக் குறைவாக எழுதப்பட்ட பகுதி. சலுகை முழுவதும் ஏற்றுமதிச் சுங்கப் பத்திரமான ஷிப்பிங் பில்லையும் ஏற்றுமதிக் கடன் கணக்கையும் ஒட்டியே தரப்பட்டது. திருப்பூரில் சரக்கைச் செய்து முடிப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்றுமதியாளரிடம் கூலிக்கு வேலை எடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் யூனிட்காரர்கள். அவர்கள் பெயரில் ஷிப்பிங் பில் கிடையாது, பேக்கிங் கிரெடிட்டும் கிடையாது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் விலையை ஏற்றித் தர மாட்டார். நூல் விலையை நிர்ணயிப்பது நூற்பாலை. ஏற்றுமதியாளர் குறைக்க முடிந்தது ஜாப் ஒர்க் கூலியையும், பணம் கொடுக்கும் தவணையையும்தான். ஆகவே ரூபாயின் ஏற்றத்தால் அடிபட்டவர்களில் பெருந்தொகையினர் ஈட்டுக்கு உரியவர் பட்டியலிலேயே இல்லை. பின்வரும் வழக்குகள் எதிலும் இவர்கள் கட்சிக்காரர்கள் அல்ல. இது சட்டத்தின் பெரிய குறை. உதவி யாருக்கு என்று வரையறுக்கும் இடத்திலேயே சரிசெய்திருக்கக்கூடிய குறை.

வங்கிகளோடு வழக்கு

ஈடு போதாத இடத்தில் வங்கிகள் புகுந்தன. வழக்கமான காப்பு பார்வர்டு கவர்: இன்று ஒரு விலை பேசி, பின்னொரு நாளில் அதே விலைக்கு டாலரை வங்கிக்கு விற்பது. ரூபாய் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அதில் கிடைத்த விலை ஏற்றுமதியாளருக்குக் கட்டுபடியாகவில்லை. சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தருவதாகவோ, முன்பணம் தருவதாகவோ சொல்லும் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களை வங்கி அதிகாரிகள் அப்போது முன்வைத்தார்கள். அவற்றில் பல, ரூபாயோடு தொடர்பே இல்லாத டாலர்–சுவிஸ் பிராங்க், டாலர்–யென் விலைகளின்மேல் கட்டப்பட்டவை. குறித்த எல்லையைப் பிராங்க் தொடாத வரைக்கும் ஏற்றுமதியாளருக்கு லாபம். தொட்டால் அவரது நட்டத்துக்கு உச்சவரம்பு கிடையாது. 2007 நடுவில் ஒரு டாலருக்குச் சுமார் 1.23 பிராங்க். 2008 மார்ச்சில் அது 1 பிராங்குக்கும் கீழே போனது. சில ஆயிரம் டாலர் முன்பணம் வாங்கியவர்கள் கோடிக்கணக்கில் கட்டவேண்டியவர்களானார்கள்.

திருப்பூர், கோவை, கரூர் பகுதிகளிலிருந்து வழக்குகள் கிளம்பின. இவற்றில் சட்டத்தை வகுத்துத் தந்தது கோவையைச் சேர்ந்த ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் நிறுவனத்துக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் இடையிலான வழக்கு. 2007 ஜூன் 22இல் போட்ட டாலர்–பிராங்க் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி சூதாட்டம், ஆகவே செல்லாது என்பது நிறுவனத்தின் முதன்மை வாதம். தன் தொழிலில் இல்லாத நாணய இடரை வங்கி தலையில் கட்டியது அந்நியச் செலாவணி விதிகளுக்கு முரண் என்பது அடுத்த வாதம். 2008 அக்டோபர் 14 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இரண்டையும் ஏற்கவில்லை. 2006இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 45வி பிரிவு, வங்கி ஒரு தரப்பாக உள்ள இத்தகைய ஒப்பந்தங்களுக்குச் சட்டத் தகுதி தந்துவிட்டது என்றும், ஏற்கெனவே இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் பயன் பெற்ற நிறுவனம் விவரமறியாத தரப்பு அல்ல என்றும் சொல்லி, கோரிய தடையை மறுத்தார்.

இந்தத் தீர்ப்பு சிறிய ஏற்றுமதியாளர்களின் கையைக் கட்டிப்போட்டது. சர்க்கரை ஆலைக்கு நிதிப் பிரிவு உண்டு, ஆலோசகர் உண்டு. நூறு மெஷின் வைத்து நடத்தும் பனியன் கம்பெனியில் ஒப்பந்தத்தைப் படித்தவர் பெரும்பாலும் யாருமில்லை. சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டார்கள். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வங்கிகள் வசூல் மனு போட, பலர் சமரசத் தொகை கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தங்களை விற்றதில் விதிமீறல் இருந்ததாக 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. அபராதத் தொகை வங்கிக்கு 5 லட்சம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை. இழந்த ஏற்றுமதியாளருக்கு அதில் ஒரு பைசாவும் வரவில்லை.

அரசின் வாக்குறுதி எவ்வளவு கட்டும்

சலுகை அறிவித்த அரசு அதைத் திரும்பப் பெற முடியுமா என்பது பழைய கேள்வி. 1966 ஜூன் 6இல் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டபோதும், 1991 ஜூலையில் குறைக்கப்பட்டபோதும், இனித் தேவையில்லை என்று ஏற்றுமதி ரொக்க உதவிகள் நிறுத்தப்பட்டன. நாணயம் இறங்கினால் உதவி போகும் என்பது எழுதாத விதியாகவே இருந்தது.

உச்ச நீதிமன்றத்தின் முதல் பெரிய பதில் ஆங்கிலோ ஆப்கான் ஏஜென்சீஸ் வழக்கில் வந்தது. ஏற்றுமதி மதிப்புக்கு நிகரான இறக்குமதி உரிமம் தருவதாகச் சொன்ன திட்டத்தை நம்பி, அமிர்தசரஸ் நிறுவனம் ஒன்று 5 லட்சம் ரூபாய்க்குமேல் கம்பளிச் சரக்கை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பியது. உரிமம் கிடைத்ததோ 2 லட்சத்துக்கும் குறைவாக. சொன்ன சொல்லுக்கு அரசு கட்டுப்பட்டது என்றது நீதிமன்றம். 2015 அக்டோபரில் கனக் எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் இந்த நிலை நுணுக்கமானது: பொதுநலன் கருதிச் சலுகையை நிறுத்தலாம், ஆனால் ஏற்கெனவே செய்த ஏற்றுமதிக்குச் சேர்ந்துவிட்ட உரிமையை முன்தேதியிட்டுப் பறிக்க முடியாது. இத்தனைக்கும் பிறகு 2020 ஜனவரியில், ஆடைகளுக்கான எம்இஐஎஸ் எனப்படும் சரக்கு ஏற்றுமதி ஊக்கத்தொகை 2019 மார்ச் 7 முதல் நீக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பத்து மாதத்தில் திருப்பூர்க்காரர்கள் அந்த ஊக்கத்தொகையின் 4 சதவீதத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் விலை பேசியிருந்தார்கள்.

வருமான வரியிலும் ஒரு தோல்வி உண்டு. லிபர்டி இந்தியா வழக்கில் (2009) டிஇபிபி, டிராபேக் வரவு தொழிற்சாலையிலிருந்து ஈட்டிய லாபம் ஆகாது, ஆகவே 80-ஐபி பிரிவின் கழிவு அதற்குக் கிடையாது என்று தீர்ப்பானது.

ஐரோப்பிய முன்னோடிகள்

1969 அக்டோபரில் மேற்கு ஜெர்மனி தன் மார்க்கின் மதிப்பை 9.29 சதவீதம் உயர்த்தியது. ஐரோப்பியச் சமூகத்தின் பொது வேளாண் விலைகள் பொதுக் கணக்கு அலகில் குறிக்கப்பட்டதால், ஜெர்மன் உழவரின் வருவாய் மார்க் கணக்கில் ஒரே நாளில் குறைந்தது. அதற்கு அவர்களுக்கு ஈடு தரப்பட்டது. 1971 மே மாதம் மார்க்கை மிதக்க விட்டபோது, எல்லையில் வரியாகவும் மானியமாகவும் செயல்படும் நாணய ஈட்டுத் தொகை முறை சட்டமானது. 1992 முடிவு வரை நீடித்தது.

வழக்குகளும் உடன் வந்தன. கடுகு வகை எண்ணெய்வித்துக்கான ஈட்டை 1972இல் முன்னறிவிப்பின்றி நிறுத்தியதை எதிர்த்துப் பிரெஞ்சு நிறுவனமான சிஎன்டிஏ வழக்குப் போட்டது. நியாயமான எதிர்பார்ப்பு மீறப்பட்டது என்று 1975இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பணம் பிரெஞ்சு பிராங்கிலேயே வந்ததால் செலாவணி நட்டம் நேரவில்லை என்று 1976இல் இழப்பீட்டை மறுத்துவிட்டது. 1984இல் ஈட்டுத் தொகைகள் குறைக்கப்பட்டபோது ஜெர்மனி தன் உழவருக்கு மதிப்புக்கூட்டு வரி வழியே உதவ அனுமதி பெற்றது. அதனால் மாட்டிறைச்சி விலை விழுந்தது என்று செகோத் என்ற பிரெஞ்சு உழவர் குழு தொடுத்த வழக்கு, உதவிக்கும் சரிவுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 1987 ஜனவரியில் தள்ளுபடியானது.

ஐரோப்பாவில் நாணய இழப்பு என்ற தலைப்பிலேயே ஈடு கொடுத்தார்கள். அதனால் ஒருவர் எவ்வளவு இழந்தார் என்று நீதிமன்றத்தால் அளக்க முடிந்தது. இந்தியாவில் அதே ஈடு வரித் திருப்பமாகவும் வட்டிக் குறைப்பாகவும் சென்றதால், இழப்பைப் பற்றிய கேள்வியை எந்த நீதிமன்றமும் நேராக எடுத்துப் பார்க்கவில்லை.

ஜெனீவா வழக்கு

உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தப்படி, ஏற்றுமதியை நிபந்தனையாக வைத்துத் தரும் உதவி தடைசெய்யப்பட்டது. கட்டிய வரியைத் திருப்பித் தருவது மட்டும் குற்றமில்லை. அதற்குமேல் போகும் எதுவும் மானியம். 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியப் பருத்திப் படுக்கை விரிப்புகளுக்கு, மானியத்தை ஈடுகட்டும் எதிரீட்டு வரி போட்டபோது, உண்மையில் கட்டிய சுங்கத்தோடு ஒத்துப்பார்க்கும் முறை இல்லாததால் டிஇபிபி வரவு மானியமாகவே எண்ணப்பட்டது. பக்கத்துக் கரூரின் முதன்மைச் சரக்கு இந்த விரிப்புகள். மூன்றாண்டு கழித்து ரூபாய் ஏற்றத்துக்கு ஈடாக அதே டிஇபிபியைக் கூட்டியது, பாதுகாப்பற்ற வழியைத் தெரிந்தே எடுத்தது போலத்தான்.

தலா வருமானம் 1,000 டாலரைத் தாண்டாத நாடு என்ற வகையில் இந்தியாவுக்கு ஏற்றுமதி மானியத் தடையிலிருந்து விலக்கு இருந்தது. தொடர்ந்து மூன்றாண்டு அந்த அளவைத் தாண்டியதும் 2017இல் விலக்கு போனது. 2018 மார்ச்சில் அமெரிக்கா இந்தியாவுக்கு எதிராக டிஎஸ்541 என்ற எண்ணுள்ள வழக்கைத் தொடங்கியது. படிப்படியாக நிறுத்த எட்டாண்டு அவகாசம் உண்டு என்றது இந்தியா. அந்த அவகாசம் எல்லா வளரும் நாடுகளுக்கும் 2002 முடிவோடு தீர்ந்துவிட்டது என்று 2019 அக்டோபர் 31இல் நடுவர் குழு சொல்லி, எம்இஐஎஸ் உள்ளிட்ட திட்டங்களைத் திரும்பப் பெறச் சொன்னது. நவம்பர் 19இல் இந்தியா மேல்முறையீடு செய்தது. டிசம்பரில் மேல்முறையீட்டு அமைப்பே போதிய உறுப்பினரின்றி முடங்கியதால் விசாரணை நடக்கவில்லை. 2023 ஜூனில் இரு நாடுகளும் ஆறு வழக்குகளைச் சமரசமாக முடித்துக்கொண்டபோது இதுவும் அதில் அடங்கியது. மிகவும் வளர்ச்சி குன்றிய நாடு என்ற தகுதியால் வங்கதேசத்தின் ரொக்க ஊக்கத்தொகைக்கு இந்தத் தடை பொருந்தவில்லை.

ஆடைகளுக்கு இப்போதிருப்பது 2019 மார்ச்சில் வந்த ரோஎஸ்சிடிஎல் திட்டம். மின்வரி, எரிபொருள் வரி என்று சரக்கில் உள்ளடங்கிய மாநில, நடுவண் வரிகளை மட்டும் அது திருப்பித் தருகிறது. நாணய இழப்புக்கு அதில் இடமில்லை. 2015இல் தொடங்கிய வட்டிச் சமன்படுத்தல் திட்டம் 2024 டிசம்பர் 31இல் காலாவதியானது. ரோஎஸ்சிடிஎல் வரவும் ஷிப்பிங் பில் போட்டவரின் பெயரிலேயே சேர்கிறது. அந்த வரிகளில் ஒரு பங்கை மின்கட்டணத்திலும் ஜெனரேட்டர் டீசலிலும் கட்டுபவர் ஜாப் ஒர்க் யூனிட்காரர். கூலி பேசும்போது அவர் ஏற்றுமதியாளரிடம் கேட்டு வாங்கினால் உண்டு. நேராகக் கோர அவருக்கு விதி எதுவும் வகுக்கப்படவில்லை.