பாய்க்கயிறும் பழஞ்சொற்களும்

காரைக்குடியில் கடல் இல்லை. ஆயினும் செட்டிநாட்டு வீடுகளின் முகப்பைத் தாங்கி நிற்கும் தேக்குத் தூண்களுள் பல, கடல் கடந்து வந்தவை. பர்மாவின் காடுகளில் வெட்டுண்டு, கப்பலேறி, நம் கரையில் இறங்கி, மாட்டு வண்டிகளில் உள்நாடு வந்து சேர்ந்த மரங்கள் அவை. அத்தூண்களை நாம் இன்றும் கையால் தடவிப் பார்க்கலாம். அந்த நாளின் மரக்கலங்களில் பாயை ஏற்றியும் இறக்கியும் உழைத்த கயிற்றில் ஒரு முழமேனும் காணக் கிடைப்பது அரிது. தேக்கு நிலைக்கும், கயிறு மக்கும். வரலாறு எழுதுவோர் கண்ணில் தூண் பட்ட அளவுக்குக் கயிறு படாமற் போனதற்கு இதுவே காரணம்.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் தொண்டி வரும். செட்டிநாட்டுக்கு அணித்தான பழந்துறைமுகம் அது. நம் சமுதாயத்தார் பல தலைமுறைகளாக வாழும் ஊர். இன்று அது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1985இல் சிவகங்கை தனி மாவட்டமாகப் பிரியும் வரை காரைக்குடியும் தொண்டியும் ஒரே மாவட்டத்து ஊர்களே. காரைக்குடியின் அழகப்பா பல்கலைக்கழகம் தன் கடலியல் துறையைத் தொண்டியில்தான் வைத்திருக்கிறது. கடலில்லாத ஊருக்கு அங்கேதான் கடல் இருக்கிறது போலும்!

கயிற்றைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியது ஓர் அண்மைச் செய்தி. இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் 56 அடிப் பாய்ப்படகில், தில்னா, ரூபா அழகிரிசாமி ஆகிய இரு பெண் அதிகாரிகள் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவினின்றும் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினர். ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர். ஏறத்தாழ 25,400 கடல் மைல். பகலும் இரவும், பாய்களையும் கயிறுகளையும் ஆள்வதற்கு அந்த இருவரே!

இருவர் ஒரு படகை ஆள முடிவது எவ்வாறு? இக்காலத்து நெடும்பயணப் பாய்ப்படகுகளில் முன்பாயை இறக்கி மடிப்பதில்லை; சுருட்டுகின்றனர். பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து படகின் மூக்குவரை ஒரு கம்பி இறங்குகிறது. அதைச் சூழ்ந்த குழலில் முன்பாயின் ஓரம் செருகப்பட்டிருக்கும். குழலின் அடியில் ஓர் உருளை. பாய் விரியும்போது உருளையில் ஒரு கயிறு தானே சுற்றிக் கொள்ளும். காற்று மிகுந்தால், பின்னால் சுக்கானருகே அமர்ந்திருப்பவர் அக்கயிற்றை இழுத்தால் போதும். உருளை திரும்பப் பாய் சுருண்டு விடும். அலை ஏறி அடிக்கும் முன்னணியத்துக்கு ஆள் போக வேண்டுவதில்லை.

வசதி எவ்வளவோ, ஆபத்தும் அவ்வளவே. கொந்தளிக்கும் கடலில் அந்த ஒற்றைக் கயிறு அறுந்தால் பாய் முழுவதும் ஒரே நொடியில் விரிந்து விடும். ஆகவே அறுவதற்கு முன்னரே கயிற்றை மாற்ற வேண்டும். உருளைக்குள் நுழையுமிடத்திலும், பிடிப்பானில் இறுகுமிடத்திலும் அது தேயும். வெயிலும் தன் பங்குக்கு அதைத் தின்னும். மாற்றும் முறை எளிதாயினும் ஒழுங்கு தவறக் கூடாதது. காற்றில்லாத நேரத்தில் பாயை முற்றிலும் சுருட்டி, அவிழாதபடி கட்ட வேண்டும். பழங்கயிறு உருளையில் எப்பக்கமாகச் சுற்றியிருந்தது, எத்தனை சுற்று மீந்திருந்தது என்பவற்றைக் குறித்துக் கொள்ள வேண்டும். பிறகு உருளையிலுள்ள முடிச்சை அவிழ்த்துப் பழங்கயிற்றை விடுவிக்க வேண்டும். ஆனால் அதை உருவி எடுத்துவிடக் கூடாது. அதன் நுனியோடு புதுக்கயிற்றின் நுனியை முட்டவைத்து ஊசியால் தைத்து, மெல்லிய நாடா சுற்றி, பின்னாலிருந்து இழுக்க வேண்டும். தளத்தின் ஓரமெங்கும் பதித்த சிறு வளையங்கள் ஒவ்வொன்றின் வழியாகவும் பழையது புதியதைத் தானே அழைத்து வரும். பின்னர் புதுக்கயிற்றின் முனையை உருளையில் முடிந்து, பாய் சுருண்ட திசைக்கு எதிர்த்திசையில் சில சுற்றுக்கள் சுற்றி வைக்க வேண்டும். திசை மாறினால் கயிறு வேலை செய்யாது. பலம் கருதித் தடித்த கயிறு போட்டால் உருளை நிரம்பி இறுகி நின்று விடும். புயற்காற்றில் பாய் இறுகச் சுருளும்போது கூடுதல் சுற்றுக்கள் தேவைப்படும் என்பதால் நீளமும் சற்றுத் தாராளமாகவே இருக்க வேண்டும்.

நம் முன்னோரின் மரக்கலங்களில் இந்த உருளை இல்லை. பெரிய முக்கோணப் பாய், சாய்ந்த நீண்ட பருமலில் தொங்கும். காற்றுக்கு ஏற்பப் பாயைச் சுருக்குவதைவிடப் பாயையே மாற்றுவது அரபுக்கடல் மரக்கலங்களின் வழக்கம். பெரும்பாயை இறக்கிச் சிறுபாயை ஏற்றுவர். 1938ஆம் ஆண்டு குவைத் மரக்கலமொன்றில் பயணம் செய்த ஆலன் வில்லியர்ஸ் என்னும் ஆஸ்திரேலியர் இத்தொழில்களை நேரிற்கண்டு நூலாக எழுதினார். ஒரு பருமலை ஏற்றப் பலர் சேர்ந்து பாடியபடி ஆஞ்சானை இழுக்க வேண்டும். இன்று இருவர் செய்யும் வேலைக்கு அன்று ஒரு கூட்டம் வேண்டியிருந்தது. உருளை வந்து ஆட்களைக் குறைத்தது. பாட்டும் அவர்களோடு போயிற்று.

அக்காலக் கயிறு எதனால் ஆனது? இன்றையது பாலியெஸ்டர். அன்றையது பெரும்பாலும் தென்னை நார். 1183இல் ஹஜ்ஜுக்குச் சென்ற அந்தலூசியர் இப்னு ஜுபைர், செங்கடலின் அய்தாபு துறையில் ஆணியே இல்லாத கலங்களைக் கண்டு வியந்தார். தேங்காய் மட்டையின் நாரை அடித்துத் திரித்த கயிற்றால் அவற்றின் பலகைகள் தைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின் மாலத்தீவில் தங்கிய இப்னு பதூதா, அக்கயிறு செய்யும் விதத்தையே விவரித்திருக்கிறார். மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறப் போட்டு, அடித்து, பெண்கள் நூற்பார்கள். அது சீனம், இந்தியா, யமன் எங்கும் ஏற்றுமதியாயிற்று. பாறை மிகுந்த கடலில் ஆணி அடித்த கலம் மோதினால் உடையும், கயிற்றால் தைத்த கலம் வளைந்து கொடுக்கும் என்று அவர் காரணமும் சொல்கிறார்.

அதே இப்னு பதூதா, 1344ஆம் ஆண்டளவில் இலங்கையின் புத்தளத்திலிருந்து நம் மஅபர் கரைக்குக் கப்பலேறினார். வழியில் காற்று வலுத்துக் கலத்தினுள் நீர் புகுந்தது. தேர்ந்த மாலுமி கலத்தில் இல்லை. ஆழமற்ற இடத்தில் தட்டி நின்ற கலத்தின் பாய்மரத்தையே வெட்டி எறிந்தனர். மாலுமிகள் மரங்களைப் பிணைத்துத் தெப்பம் கட்டினர். தம்மைச் சார்ந்தோரைத் தெப்பத்தில் முதலில் அனுப்பிவிட்டு, இப்னு பதூதா இரவெல்லாம் உடைந்த கலத்திலேயே காத்திருந்தார். மரங்களைப் பிணைத்தது எதைக்கொண்டு? எஞ்சிய பாய்க்கயிறுகளாகவே இருக்க வேண்டும் என்பது நம் ஊகம். பாக்கு நீரிணையின் ஆழமின்மையை அறிந்தோர்க்கு இந்நிகழ்ச்சி புதுமையன்று.

கயிறு மக்கிய பின்னும் எஞ்சியவை இரண்டு. முதலாவது உலோகம். 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் நியூசிலாந்தின் வடபகுதியில் ஒரு வெண்கல மணியைக் கண்டார். மவோரி மக்கள் அதில் உணவு சமைத்துக் கொண்டிருந்தனர். விளிம்பிலே தமிழ் எழுத்து! முகையதீன் பக்சு என்பாரின் கப்பல் மணி அது என்று படித்திருக்கின்றனர். இன்று அது வெலிங்டன் அருங்காட்சியகத்தைச் சார்ந்தது. அந்த மணி அங்கே போனது எப்படி என்பது தீராத வழக்கு. மணியை நம் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். அதை அடித்து நேரம் அறிவித்து, கயிற்றை இழுத்துக் கை காய்த்தவர்கள் பேர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

இரண்டாவது, சொல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை (1924–1936) புரட்டினால் கப்பற்சொற்கள் ஆங்காங்கே அகப்படும். மாலுமி என்பது அரபியின் ‘முஅல்லிம்’. ஆசிரியர் என்று பொருள். சுக்கானும் அரபியே. ஆலாத்து என்னும் வடக்கயிறு, கருவிகளைக் குறிக்கும் ‘ஆலாத்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பாயின் முனையை இழுத்துக் கட்டும் தாமான், ஆடையின் ஓரத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். பாயை ஒரு பெரிய ஆடையாகக் கண்ட மாலுமியின் கண்ணை அதில் காண்கிறோம். சாரங்கும் நாகுதாவும் பாரசீகத்திலிருந்து வந்தவரே. இவை புலவர் கொண்டு வந்த சொற்கள் அல்ல. ஒரே கயிற்றைப் பல மொழியினர் சேர்ந்து இழுத்தபோது வாய்க்கு வாய் மாறியவை. கொண்டதற்கு ஈடாக நாமும் கொடுத்திருக்கிறோம். தமிழும் மலையாளமும் பேசும் கரைகளின் கயிறுதான் போர்த்துக்கேசியர் வாயிலாக ஐரோப்பாவில் ‘காயர்’ ஆயிற்று. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆயிற்று. இரட்டை அடியுள்ள உல்லாசப் படகு எதையும் உலகம் இன்று அப்பெயராலேயே அழைக்கிறது.

அகராதி சேர்த்தவை சில. சேராதவை எத்தனையோ! கப்பியில் ஓடும் ஒவ்வொரு கயிற்றுக்கும், ஒவ்வொரு முடிச்சுக்கும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் பெயர் இருந்திருக்கும். தூத்துக்குடித் தோணிகளுக்கும் எந்திரம் வந்த பின், பாய் பிடித்த கைகள் முதுமை எய்திவிட்டன. பழங்கயிற்றை உருவி எறிந்துவிட்டுப் புதுக்கயிற்றை வெறுங்கையால் வளையங்களில் நுழைக்கப் பார்ப்பவர் நிலைதான் நம் நிலையும். பிடித்துக்கொள்ள நுனி ஏதும் மிஞ்சாது. காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த அச்சுநூல்கள், 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அச்சேறியதற்கு அவரைப் போன்றவர் கிடைத்தார். அச்சேறாத சொல்லுக்கு?

இதை வாசிக்கும் குடும்பங்களில் மரக்கலம் ஓட்டிய பாட்டனார் எவரேனும் இருந்திருந்தால், அவர் விட்டுச் சென்ற சரக்குக் கணக்கேடோ, கடிதமோ பெட்டியில் கிடந்தால், அவற்றிலுள்ள கயிற்றுப் பெயர்களையும் பாய்ப் பெயர்களையும் எழுதியனுப்ப வேண்டுகிறோம். அரபுத் தமிழில் எழுதியிருப்பினும் தயங்க வேண்டா. எழுத்து புரியாவிட்டால் அதன் படத்தை அனுப்பினாலும் போதும். முன்பாயைச் சுருட்டும் கயிற்றுக்குத் தமிழில் பெயருண்டா என்று நாமும் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘சுருட்டுக்கயிறு’ என்பது இப்போதைக்கு நாம் இட்டுக்கொண்ட பெயர். மரக்கலத்தாரிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் அதையே வைத்துக்கொள்வோம்.