கூத்துப் பிரயாணம்

கூத்துப் பிரயாணம்: மட்டக்களப்புத் தமிழ்க் கூத்தில், பாத்திரங்கள் நாடும் கானகமும் கடந்து செல்லும் நெடுந்தூரச் செலவைக் ஆடுகளமான களரியின் எல்லைக்குள்ளேயே உணர்த்தும் அரங்கச் சங்கேதம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கரடியனாறு முதலிய ஊர்கள் அமைந்த படுவான்கரையிலும், கீழ்க்கரையான எழுவான்கரையிலும் பயின்றுவரும் வடமோடி, தென்மோடி எனும் இரு கூத்து வகைகளுக்கும் இது பொதுவாம்.

சபையோர் சூழ்ந்திருக்க, காட்சிச் சீலை ஏதுமற்ற வட்டக்களரியில், பிரயாணம் புறப்பட்ட பாத்திரம் தான் செல்லுமிடத்தைப் பாடிக்கொண்டு கூத்தாசிரியரான அண்ணாவியாரின் மத்தளத்துக்கிசைய ஆடிச் சுற்றிவர, பிற்பாட்டுக்காரர் அவ்வடிகளை ஏற்றுப் பாடுவர். வந்து சேர்ந்தமை பாட்டாலோ வசனத்தாலோ அறிவிக்கப்பட்டதும் அதே நிலம் வேற்று நாடாகிவிடும். வழியின் நீளத்தை நிர்ணயிப்பது தூரமன்று, கதையின் தேவையே. இணையவழி மாயலோக விளையாட்டுகளில் பாத்திரமேற்று நடிப்போர், வழியை நடந்தே கழிப்பதா, சொல்லால் தாண்டுவதா என்று தமக்குள் உடன்பட வேண்டியிருப்பது வழியை எவ்வளவு காட்டுவது என்னும் சிக்கலின் புதிய வடிவமே. கூத்தர்க்கோ அவ்வுடன்பாடு மரபாகவே கிடைத்துள்ளது.

சிங்கள நாடகம மரபைத் தழுவி 1956இல் எதிரிவீர சரச்சந்திர அரங்கேற்றிய ‘மனமே’ நாடகத்திலும் வனப்பிரயாணம் ஆடலாகவே நிகழ்கின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’ எனும் வடமோடிக் கூத்தை மேடையேற்றியபோது, நாற்புறமும் நோக்கிய வட்ட ஆட்டம் ஒருமுக அரங்கிற்கேற்ப அமைக்கப்படலாயிற்று.