பெத்தேகம (திரைப்படம்)

லெனார்ட் வுல்ஃபின் ஆங்கில நாவலைத் தழுவி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய சிங்களத் திரைப்படம், 1980இல் வெளிவந்தது. தென்னிலங்கைக் காட்டோரக் கிராமம் ஒன்று ஆளற்று அழிவதே கதை. கதையில் யாழ்ப்பாணம் இல்லை. ஆனால் நாவலாசிரியர் அரச உத்தியோகம் பழகியது இங்கேதான்.

வுல்ஃப் (1880–1969) 1904 டிசம்பரில் கொழும்பில் வந்திறங்கினார். அடுத்த மாதமே யாழ்ப்பாணக் கச்சேரியில் பயிற்சி உத்தியோகத்தராக நியமனம் பெற்றார். வடபகுதி ரயில் பாதை அப்போது முழுமை பெறவில்லை. அநுராதபுரம் வரை ரயிலிலும், அங்கிருந்து ஆனையிறவு வரை தபால் மாட்டுவண்டியிலும், பிறகு மறுபடி ரயிலிலுமாக அவர் வந்து சேர்ந்தார். சார்ள்ஸ் என்ற நாயும் வோல்டேரின் 90 நூல்களும் கூடவே வந்தன. காட்டுவழியே மாட்டுவண்டியில் வந்த வோல்டேரைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத மனம் வருவதில்லை.

யாழ்ப்பாணத்தில் அவர் தமிழ் படித்தார். டைபாய்டில் விழுந்து எழுந்தார். 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமில் கடமை பார்த்தார். பிரதான வீதியில் குதிரைமேல் இருந்தபடி உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் ஆளுநருக்கு முறையிட்டது. வுல்ஃப் இதை மறுத்தார். வீதியை ஆக்கிரமித்திருந்த விறாந்தை ஒன்றைச் சவுக்கை நீட்டிக் காட்டியபோதுதான் வழக்கறிஞரின் வண்டி அவ்வழியே போனது என்பது அவர் விளக்கம். எவர் சொன்னது சரி என்று இன்று தீர்ப்பது கடினம். ஆனால் அந்த முறைப்பாடு தம்மை உலுக்கியதாகவும், ஆள்பவனாக இருக்கத் தமக்கு விருப்பம் உண்டா என்ற ஐயத்தை எழுப்பியதாகவும் அவரே தம் சுயசரிதையில் எழுதினார். நாவலின் நீதிமன்றக் காட்சிகளுக்கு வித்து இதுவே என்று கொள்ள இடமுண்டு. அம்பாந்தோட்டையில் நீதவானாக இருந்து கேட்ட வழக்குகளே நேரடி மூலம் என்பாரும் உளர்.

1907இல் கண்டிக்கும், 1908இல் உதவி அரசாங்க அதிபராக அம்பாந்தோட்டைக்கும் மாறினார். 1911இல் விடுப்பில் ஊர் திரும்பி, மறு ஆண்டு பதவி விலகினார். 'காட்டினுள் கிராமம்' எனத் தமிழில் சொல்லத்தக்க நாவல் 1913இல் வந்தது.

வேட்டைக்காரன் சிலிந்துவுக்கு இரட்டைப் பெண்கள்: புஞ்சி மெனிகா, ஹின்னிஹாமி. ஹின்னிஹாமி பால் கொடுத்து வளர்த்த மான்குட்டியை ஊரார் கல்லெறிந்து கொல்ல, அவளும் இறக்கிறாள். புஞ்சி மெனிகாவின் கணவன் பாபுன் பொய்த் திருட்டு வழக்கில் சிறை சென்று அங்கேயே மாள்கிறான். ஊர்த் தலைவனையும் கடன்கார முதலாளியையும் சிலிந்து சுட்டுக் கொல்கிறான். கடைசியில் காடு வீடுகளை மூட, புஞ்சி மெனிகா மட்டும் எஞ்சுகிறாள்.

மார்ட்டின் விக்ரமசிங்கவின் நாவலைக் 'கம்பெரலிய' (1963) ஆக்கிப் புகழ்பெற்றிருந்த பீரிஸ், இந்த நாவலுக்கும் காலத்தை மாற்றாமல் திரைவடிவம் கொடுத்தார். சிலிந்துவாக ஜோ அபேவிக்ரம, புஞ்சி மெனிகாவாக மாலினி பொன்சேகா, பாபுனாக விஜய குமாரதுங்க நடித்தனர். வெள்ளைக்கார நீதவானை வுல்ஃபாகவே காட்டியது படத்தின் துணிச்சல். அந்த வேடம் ஏற்றவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த அறிவியல் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க். நடிப்பில் அவர் பழகியவர் அல்லர். வழக்கின் சூது புரிந்தும் புரியாமலும் அமர்ந்திருக்கும் துரைக்கு அந்த விறைப்பு பொருந்தியே போனது என்பர்.



விஜய குமாரதுங்க 1988இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜோ அபேவிக்ரம 2011இலும், பீரிஸ் 2018இலும், மாலினி பொன்சேகா 2025 மே மாதத்திலும் காலமாயினர்.