குமிழும் பொத்தானும்

அம்மாவின் அறையில் சுற்றுவது முப்பது வருஷத்துப் பழைய விசிறி. கூடத்தில் சுற்றுவது போன சித்திரையில் வாங்கிய பிஎல்டிசி விசிறி. இன்றைக்கு இரண்டுக்கும் ரிமோட் இருக்கிறது. பழையதுக்கு நாங்கள் வெளியிலிருந்து ஒரு ரிசீவர் வாங்கிப் பொருத்தினோம்; புதியது ரிமோட்டோடுதான் பெட்டியில் வந்தது. ஒரே வீடு, ஒரே ஒயரிங், ஒரே மாதிரி சுவிட்ச்போர்டு. ஆனால் அந்தப் போர்டோடு இரண்டும் பழகும் விதம் வேறு வேறு. கடையில் விலையையும் இறக்கையின் நிறத்தையும் ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒயரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நம் வீடுகளில் விசிறிக்குப் போகும் லைன் எளிமையானது. போர்டுக்கு வரும் பேஸ் முதலில் சுவிட்சுக்குப் போகும், அங்கிருந்து ரெகுலேட்டர், அதிலிருந்து குழாய் வழியாக மேலே கொக்கிக்கு. நியூட்ரல் தனியாக வந்து மேலே சேர்ந்துகொள்ளும். பழைய வீடுகளில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல். இதெல்லாம் ஒயரிங் செய்தவர் ஒழுங்கானவராக இருந்தால்தான்.

பழைய விசிறிக்குச் சொந்தமாக வேகம் கிடையாது. எவ்வளவு வோல்ட் கொடுக்கிறோமோ அதற்கேற்பச் சுற்றும். ரெகுலேட்டர் செய்வதெல்லாம் அந்த வோல்ட்டைக் குறைப்பதுதான். அந்தக் காலத்துப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைச் சூடாக்கிக் குறைத்தது. ஒன்றாம் நம்பரில் வைத்துவிட்டுத் தொட்டால் கை சுடும். பின்னால் வந்த டிம்மர், மின்னலையின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது; விசிறியிலிருந்து ஊங் என்று ஒரு முனகல் கேட்கும். கண்டென்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டரில் சூடும் இல்லை, முனகலும் இல்லை. எதுவானாலும் ஆட்சி சுவரில்தான்.

பிஎல்டிசி விசிறியில் கதை தலைகீழ். வரும் ஏசியை அது உள்ளேயே டிசியாக மாற்றி, ஒரு சின்ன சர்க்யூட்டின் கணக்குப்படி மோட்டாரைச் சுற்றவைக்கிறது. சுற்றும் பாகத்தில் இருப்பது நிலைக்காந்தம். எத்தனை வேகம் என்பதை அந்த சர்க்யூட் முடிவு செய்கிறது. சுவரிலிருந்து அதற்கு வேண்டியது வெட்டுப்படாத முழு மின்சாரம், அவ்வளவுதான். இந்த வகை நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. கோயம்புத்தூர் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012இலேயே சூப்பர்ஃபேன் என்ற பெயரில் 35 வாட் விசிறியை ரிமோட்டோடு விற்கத் தொடங்கிவிட்டது.

முழு மின்சாரம் வேண்டும் என்பது தெரியாமல்தான் எங்கள் கூடத்தில் வம்பு வந்தது. விசிறியை மாட்டிக்கொடுக்க வந்த பையன் பழைய விசிறியின் இரண்டு ஒயரையும் கழற்றி அப்படியே புதியதில் முறுக்கிவிட்டு, ரிமோட்டை என் கையில் கொடுத்துப் போய்விட்டான். சுவரிலிருந்த டிம்மர் அப்படியே லைனில் இருந்தது. அது முழு வேகத்தில் இருந்தவரைக்கும் ஒரு குறையும் இல்லை. லீவுக்கு வந்த அக்கா மகன் குமிழைப் பார்த்தால் சும்மா இருப்பானா? இரண்டில் வைத்தான். விசிறி திக்கித் திக்கிச் சுற்றியது, நின்றது, திரும்பக் கிளம்பியது. ரிமோட்டை அமுக்கினால் அசையவே இல்லை. விசிறி கெட்டுவிட்டது என்று நினைத்து, எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் விசிறியை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் போர்டிடம் போனார்.

"தம்பி, இந்த விசிறிக்கு மண்டைக்குள்ளயே ரெகுலேட்டரு இருக்கு. கீழ நீங்க இன்னொண்ணு வச்சிருக்கிய. அது யாரு பேச்சத்தான் கேக்கும்?"

எம்சிபியை இறக்கினார். டெஸ்டர் வைத்துப் பார்த்தார். ரெகுலேட்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைக்கு வந்த ஒயர்களையும் ஒரு கனெக்டரில் சேர்த்து முறுக்கினார். ரெகுலேட்டர் இருந்த ஓட்டையை ஒரு டம்மி மூடிக்கொண்டது. பத்து நிமிஷ வேலை. அன்றிலிருந்து விசிறி சொன்னபடி கேட்கிறது. டிம்மரை முழுசாக வைத்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். போதும், ஆனால் அந்தக் குமிழ் அங்கே இருக்கும்வரை யாராவது அதைத் திருகத்தான் செய்வார்கள் என்றார். அக்கா மகனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அம்மா அறையின் பிரச்சினை வேறு. மார்கழி விடியற்காலையில் குளிரும். முழங்கால் வலியோடு எழுந்து போய்க் குமிழைத் திருகிவிட்டு வந்து படுப்பாள். விசிறி நன்றாகத்தான் ஓடுகிறது, மாற்ற அவளுக்கு இஷ்டமில்லை. எனவே ரிசீவர் வாங்கினோம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டப்பா: உள்ளே போக ஒரு பேஸ், ஒரு நியூட்ரல், வெளியே விசிறிக்கு ஒரு பேஸ், ஒரு நியூட்ரல். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மாற்றிக் கொடுத்தால் டப்பா புகைந்துவிடும்.

இதை வைக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று, மேலே விசிறியின் கப்புக்குள். அங்கே பேஸும் நியூட்ரலும் ஏற்கெனவே இருப்பதால் புது ஒயர் இழுக்க வேண்டாம். பெரும்பாலோர் செய்வது இதுதான். ரிமோட் அகச்சிவப்பு வகையாக இருந்தால் அதன் 'கண்'ணைக் கப்புக்கு வெளியே தொங்கவிட வேண்டும். ரேடியோ வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கே வைத்தாலும் கூடத்தில் சொன்ன விதி இதற்கும் பொருந்தும்: ரிசீவருக்கு முன்னால் ரெகுலேட்டர் இருக்கக் கூடாது. அதாவது குமிழ் போய்விடும்.

அம்மா அதற்குத்தான் ஒப்பவில்லை. "எய்யா, அந்தக் குமிழ மட்டும் கழத்திராத. செல்லு தீந்துபோச்சுன்னா நடுராத்திரி நான் யாரக் கூப்பிட?"

அண்ணாச்சி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு இரண்டாவது இடத்தைத் தேர்ந்தெடுத்தார்: போர்டுக்குப் பின்னால். பழைய மரப்பெட்டி, இடம் தாராளம். போர்டில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்ததால் நியூட்ரலும் அங்கேயே கிடைத்தது. விசிறி சுவிட்சிலிருந்து வரும் பேஸை ரெகுலேட்டருக்கும் கொடுத்தார், ரிசீவருக்கும் கொடுத்தார். பிறகு மாடிப்படி விளக்குக்குப் போடும் டூ-வே சுவிட்ச் ஒன்றை எடுத்தார். மேலே விசிறிக்குப் போகும் ஒயரை அதன் நடுமுனையில் மாட்டி, ஒரு பக்கம் ரெகுலேட்டரிலிருந்து வருவதையும் மறுபக்கம் ரிசீவரிலிருந்து வருவதையும் கொடுத்தார். சுவிட்சை மேலே தட்டினால் குமிழ், கீழே தட்டினால் ரிமோட். இரண்டும் ஒரே நேரத்தில் விசிறியைத் தொடவே முடியாது. இந்த வசதியைப் பெரும்பாலான பிஎல்டிசி விசிறிகளில் எதிர்பார்க்க முடியாது. சில மாடல்களில் சுவர் சுவிட்சைச் சட்டென்று அணைத்துப் போட்டால் வேகம் மாறும். அது குமிழுக்கு ஈடாகாது.

வசதியில் பழையதுக்கு மதிப்பெண் கொடுத்த என்னால் மின்சாரத்தில் கொடுக்க முடியாது. ரிசீவர் வைத்ததால் மோட்டார் மாறிவிடவில்லை. முழு வேகத்தில் அது 75 வாட் இழுக்கிறது, கூடத்து விசிறி 30 வாட்டுக்கு அருகில். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் வித்தியாசம் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு மாதக் கணக்கில் 32 யூனிட். தமிழ்நாட்டில் குறிப்பிட்ட யூனிட் வரை கட்டணம் இல்லை, அதற்குமேல் படிப்படியாக ஏறும். விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு ஒரு விசிறியின் 32 யூனிட் சின்ன விஷயமில்லை. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால் புதிதாக வாங்குகிறவர்களுக்கு எது குறைவாக மின்சாரம் இழுக்கும் என்று கண்டுபிடிப்பது சுலபம்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது அம்மாவின் விசிறி சோர்ந்துபோகும், கூடத்து விசிறிக்கு இறங்கியதே தெரியாது. இன்வெர்ட்டரில் ஓடும்போதும் அப்படித்தான்: பழையது முனகும், புதியது சத்தமில்லாமல் பேட்டரியை மெதுவாகக் குடிக்கும். கரண்ட் போய் வந்தால் கூடத்து விசிறி விட்ட வேகத்திலேயே கிளம்பிவிடுகிறது. எங்கள் ரிசீவரோ அணைந்த நிலையில்தான் விழிக்கிறது, ரிமோட்டை அமுக்கினால்தான் ஓடும். வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள்.

ரிப்பேர் என்று வந்தால் தராசு திரும்பவும் சாய்கிறது. பழையதில் பெரும்பாலும் போவது 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர். எந்த ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். காயில் எரிந்தால் வைண்டிங் கட்டிக்கொள்ளலாம். ரிசீவர் போனால் அது சில நூறு ரூபாய்ச் சாமான். பிஎல்டிசியில் சர்க்யூட் போனால் அந்தக் கம்பெனி, அந்த மாடலுக்கான போர்டே வேண்டும். அண்ணாச்சி கை வைக்க மாட்டார். மூவாயிரம் ரூபாய் விசிறிக்கு உத்தரவாதக் காலத்தைப் பார்த்து வாங்குவது அதனால்தான். ரிமோட் தொலைந்தாலும் இதே பாடுதான், கடைத்தெருவில் கிடைக்கும் பொது ரிமோட் எல்லாவற்றோடும் பேசாது.

விசிறி நாள் முழுக்க ஓடும் கூடத்துக்குப் பிஎல்டிசிதான் சரி, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு. நன்றாக ஓடும் பழைய விசிறி, ராத்திரி மட்டும் விசிறி ஓடும் அறை, குமிழை விட மனமில்லாத ஒரு பெரியவர், இவை மூன்றும் சேர்ந்த இடத்தில் ரிசீவரும் டூ-வே சுவிட்சும் போதும். இதை நீங்களே செய்துபார்க்கலாமே என்று தோன்றினால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடி அறையில் பேஸுக்குப் பதில் நியூட்ரலை சுவிட்சில் வெட்டி வைத்திருந்தார்கள் அந்தக் காலத்து ஒயர்மேன்கள். சுவிட்ச் அணைந்திருந்தது, விசிறி நின்றிருந்தது, கப்பைத் திறந்து டெஸ்டர் வைத்தபோது விளக்கு எரிந்தது. எம்சிபியை இறக்காமல் ஸ்டூலில் ஏறாதீர்கள்.