தங்கவயலின் பழமையைத் தேடுவார்க்கு

கோலார் தங்கவயலின் வரலாறு எப்போது தொடங்கியது என்று ஊரிகத்திலோ மாரிக்குப்பத்திலோ எவரையேனும் வினவினால், இருவகை விடைகள் கிடைக்கும். ஒரு சாரார், ஜான் டெய்லர் கம்பெனியார் 1880ஆம் ஆண்டில் வந்து சுரங்கப் பணியை மேற்கொண்டதிலிருந்து தொடங்குவர். மற்றொரு சாரார் சிந்துவெளிக்கே சென்றுவிடுவர்; மொகஞ்சதாரோ மகளிர் அணிந்த பொன் நம் மண்ணின் பொன்னே என்பர். முன்னது குறை, பின்னது மிகை. இரண்டிற்கும் இடையே நெடியதொரு வரலாறு கல்லிலும் ஏட்டிலும் கிடக்கிறது. நேற்றுவரை அது பெரிய நூலகங்களின் படி ஏற வல்லார்க்கே எட்டியது. இன்றோ, சுரங்கம் மூடப்பட்டபின் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறும் நம் இளைஞர், அவ்வண்டியில் அமர்ந்தவாறே கைப்பேசியில் அதனைப் படிக்கலாம். அந்த வாய்ப்பைப் பற்றியும், அதனைப் பயன்கொள்ளும் நெறியைப் பற்றியும் இங்குச் சில கூறுவேன்.

முதலில் எடுத்துப் பார்க்கத் தக்கது 'எபிகிராபியா கர்னாடிகா' என்னும் கல்வெட்டுத் தொகுதி வரிசை. பெங்களூரிலேயே 1837இல் பிறந்த ஆங்கிலேயரான லூயிஸ் ரைஸ் என்பார், மைசூர் அரசின் தொல்பொருள் துறைத் தலைவராக இருந்து, ஊர் ஊராகக் கல்வெட்டுகளைப் படியெடுப்பித்துப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் பத்தாம் தொகுதி கோலார் மாவட்டத்திற்கு உரியது. 1905ஆம் ஆண்டில் வெளிவந்தது. இணைய ஆவணக்காப்பகம் என்னும் உலகப் பொது மின்னூலகத்தில் இதனைக் கட்டணமின்றிப் பெறலாம்.

பெறுவது எளிது, தேடுவதுதான் சற்றுக் கடினம். நூலின் பக்கங்களை இயந்திரம் படம் பிடித்து எழுத்தாக மாற்றியிருக்கிறது. ரோமன் எழுத்தின் மேலும் கீழும் இடப்பட்ட குறிகளை அது பலவாறாகப் பிறழ உணர்கிறது. ஆகவே, ஓர் ஊர்ப்பெயரைத் தட்டெழுதித் தேடி, ஒன்றும் வரவில்லை என்று சோர்ந்துவிடலாகாது. தொகுதி வட்டவாரியாக அமைந்துள்ளது. தங்கவயலைச் சூழ்ந்த ஊர்களைப் 'பௌரிங்பேட்டை' வட்டத்தில் தேட வேண்டும். இன்றைய பங்காரப்பேட்டைக்கு அந்நாளில் அதுவே பெயர். பக்கம் பக்கமாகப் புரட்டுவதே சாலச் சிறந்த வழி. பழைய வழியே என்றாலும், தேடாத செய்தி பலவும் அவ்வழியிலேதான் கண்ணில் படும்.

அங்ஙனம் புரட்டுவோர்க்குத் தமிழ்க் கல்வெட்டுகள் பல எதிர்ப்படும். முதலாம் இராசராசன் கங்கபாடியையும் நுளம்பபாடியையும் வென்றான். அதன்பின் கோலார்ப் பகுதி 'நிகரிலி சோழ மண்டலம்' எனப் பெயர் பெற்றது. கோலார் என்பது அக்கல்வெட்டுகளில் 'குவளாலம்'. கோலாரம்மா என்று இன்று நாம் வணங்கும் அம்மை அங்குப் 'பிடாரியார்'. செங்கல்லால் இருந்த அக்கோயில் கல்லால் எடுக்கப்பட்ட செய்தியை இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று கூறுகிறது. முதற் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு, கோயிலின் வழிபாட்டுக்கும் பணியாளர்க்கும் ஒதுக்கியவற்றை விரிவாகப் பட்டியலிடுகிறது. திருவிழாவுக்குக் கோலாரம்மா கோயில் சென்று திரும்பிய நம்மவருள் எத்தனை பேர் அச்சுவரில் தமிழ் எழுத்து இருப்பதைக் கண்டிருப்பர்?

ஆயினும் ஒன்று. கல்வெட்டு தமிழில் உள்ளது என்பதைக் கொண்டு நிலம் எவருடையது என்று வழக்காடப் புகுவது வரலாறு ஆகாது. அதே தொகுதியில் கன்னடக் கல்வெட்டுகளும் தெலுங்குக் கல்வெட்டுகளும் உள்ளன. மேலும், தங்கவயல் தமிழ்க் குடும்பங்களுள் மிகப் பலவற்றின் முன்னோர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்காக வந்தவர்கள். சோழர் படையோடு வந்தவர்கள் அல்லர். பல மொழியாளர் அடுத்தடுத்து வாழ்ந்த எல்லைநிலம் இது என்பதே அத்தொகுதி காட்டும் உண்மை. அதுவே நமக்குப் போதிய பெருமை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் படித்து அமையாது, மூலத்தையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். 'நாடு' என்னும் சொல் கல்வெட்டில் சில ஊர்கள் சேர்ந்த சிறு பிரிவையே குறிக்கும். இக்காலப் பொருளில் தேசம் என்று கொண்டால், ஒரு வாய்க்கால் தகராறு இரு தேசங்களின் போராகிவிடும். தமிழறிந்தார்க்கு இவ்வகையில் இயல்பாகவே ஒரு நன்மை உண்டு.

இனிச் சிந்துவெளிப் பொன்னுக்கு வருவோம். சர் ஜான் மார்ஷல் 1931இல் வெளியிட்ட மொகஞ்சதாரோ அகழ்வாய்வு நூலும் இணையத்தில் உள்ளது. அங்குக் கிடைத்த பொன்னணிகளில் வெள்ளி மிகுதியாகக் கலந்திருந்தமையால், அப்பொன் தென்னாட்டிலிருந்து, கோலார் அல்லது அனந்தப்பூர்ப் பகுதியிலிருந்து, சென்றிருக்கலாம் என்று புவியியலறிஞர் சர் எட்வின் பாஸ்கோ கருதினார். 'இருக்கலாம்' என்ற அச்சொல் வாய்வழி வந்தபோது உதிர்ந்துவிட்டது. கோலார்ப் பழஞ்சுரங்கங்களில் கிடைத்த மரத்துண்டுகளைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, அவை கிறித்து பிறந்தபின் வந்த முதல் ஆயிரமாண்டின் இடைப்பகுதியைச் சார்ந்தவை எனத் தெரிந்தது. சிந்துவெளி நகரங்கள் அழிந்து ஈராயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்ட காலம் அது. அதற்கு முன்னும் பொன் எடுத்திருக்கக்கூடும். ஆனால் கையிலுள்ள சான்று இவ்வளவே.

தஞ்சைப் பெரிய கோயிலின் பொன்னும் கோலார்ப் பொன்னே என்னும் பேச்சும் இத்தகையதே. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியைத் திறந்து பாருங்கள். இராசராசன் அளித்த பொற்கலன்களைக் கழஞ்சும் மஞ்சாடியுமாக எடை குறித்து, சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்ட பண்டாரம் என்று கல் பேசுகிறது. எந்தச் சுரங்கத்துப் பொன் என்று அது சொல்லவில்லை.

இவ்வளவு தூரம் மன்னரைப் பற்றியே பேசினோம். எனக்கு இவற்றையெல்லாம்விட அரியதாகத் தோன்றுவது ஒரு படைத்தலைவரின் குறிப்பு. 1802ஆம் ஆண்டில் மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்த லெப்டினென்ட் ஜான் வாரன், ஊரிகத்தில் பொன் கிடைக்கிறது என்று கேள்வியுற்று நேரில் வந்து பார்த்தார். மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுத்ததையும், மாரிக்குப்பத்தில் குறுகிய குழிகளில் இறங்கிக் கல்லைக் கூடையில் கைமாற்றி மேலே அனுப்பியதையும், பெண்கள் அதனை இடித்துப் பொடியாக்கியதையும் எழுதிவைத்தார். அத்தொழிலைச் செய்தவர் ஒடுக்கப்பட்ட மக்கள் என்பதையும் குறித்தார். பின்வந்த மைசூர் கெசட்டியரில் இச்செய்தி எடுத்தாளப்பட்டுள்ளது. அந்நூலும் இணையத்தில் கிடைக்கிறது. ஆங்கிலக் கம்பெனி வருவதற்கு எண்பதாண்டுகளுக்கு முன்பே இவ்வூர்ப் பொன்னைக் கையால் எடுத்தவர்களுக்குக் கல்வெட்டு எதுவும் இல்லை. இருப்பது இந்தச் சில பக்கங்களே.

தொழிலாளர்க்குப் பழைய வரலாறு எதற்கு என்று கேட்பாரும் உளர். அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய 'தமிழன்' இதழை, அவர் மறைவுக்குப்பின் 1926இல் மீண்டும் தொடங்கியது இத்தங்கவயலில்தான், தொடங்கியவர் ஜி. அப்பாதுரையார். பண்டைய பௌத்த வரலாற்றை ஆராய்ந்த பண்டிதரின் நூல்களை அச்சேற்றியதும் இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலையே. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் பழைய நூல்களைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த ஊர் இது. அக்காலத் தமிழ் நூல்களும் இதழ்களும் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இப்போது காணலாம்.

ரைஸ் படியெடுத்த காலத்திலிருந்த கற்கள் பல இன்று இல்லை. சில வீட்டு வாயிற்படிகளாயின. சில சாலைக்கடியில் சென்றன. பெங்களூரில் 1909இல் தோன்றிய மித்திக் சொசைட்டியார், எஞ்சியவற்றை முப்பரிமாணப் படங்களாக்கி இணையத்தில் ஏற்றி வருகின்றனர். தங்கவயல் நேயர்கள் பத்தாம் தொகுதியிலிருந்து அண்மை ஊர்கள் சிலவற்றைக் குறித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று பார்க்கலாம். எழுத்துத் தெரிய வேண்டும் என்று கல்லின்மேல் சுண்ணாம்போ வண்ணமோ பூச வேண்டா. காலைவெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் படமெடுத்தால் எழுத்து தானே துலங்கும். கல் இருந்தால் அதன் இப்போதைய இடத்தையும், இல்லையேல் ஊர்ப் பெரியவர் அதைப்பற்றிக் கூறுவதையும், தொகுதியின் எண்ணோடு சேர்த்து எழுதி வைத்தல் வேண்டும்.