சட்டம் நின்ற வாசல்: ஆய்வக வாயு சிலிண்டரின் வரலாறு

2018 டிசம்பர் 5 அன்று பிற்பகல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அதிர்வலை ஆய்வகத்தில் வெடிப்பு நேர்ந்தது. ஆய்வாளர் ஒருவர் உயிரிழந்தார், மூவர் காயமுற்றனர். ஹைட்ரஜன் சிலிண்டர் வெடித்திருக்கலாம் என்றே அன்றைய செய்திகள் கூறின. ஒரு கேள்வி அன்றே எழுந்தது: சிலிண்டருக்கு இந்நாட்டில் சட்டம் இல்லையா?

உண்டு, பழமையான சட்டமே உண்டு. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ், உலோகக் கலத்தில் அழுத்தி அடைத்த வாயுவும் வெடிபொருளாகவே கருதப்படும் என 1938இல் அறிவிக்கப்பட்டது. 1940இல் வாயு சிலிண்டர் விதிகள் பிறந்தன. 1981, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் அவை புதுப்பிக்கப்பட்டன. ஹைட்ரஜனுக்குச் சிவப்பு, ஆக்சிஜனுக்குக் கறுப்பு என்னும் நிற அடையாளமும், எரியும் வாயுவின் வால்வுக்கு இடப்புறத் திருகுமரையும் பிழையைத் தடுக்க வந்த ஏற்பாடுகளே.

எனினும் இவ்விதிகளின் அக்கறை பெரும்பாலும் கலத்தைச் செய்தல், சோதித்தல், நிரப்புதல், ஏற்றிச்செல்லுதல், இருப்பு வைத்தல் ஆகியவற்றைப் பற்றியது. குறிப்பிட்ட அளவுக்குட்பட்ட இருப்புக்கு உரிமமும் தேவையில்லை. ஜீவனஹள்ளியின் ஒரு வெல்டிங் பட்டறையில் நிற்கக்கூடிய ஆக்சிஜன் சிலிண்டரும் ஆய்வகத்தில் நிற்பதும் சட்டத்தின் பார்வையில் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பட்டறையில் வேலை நாள்தோறும் ஒன்றே. ஆய்வகத்திலோ வாயு வேறு கலத்துக்கு மாறுகிறது, பிறிதொன்றுடன் கலக்கிறது, புதிய கருவியைச் சந்திக்கிறது.

ஹவாய் பல்கலைக்கழகத்தில் 2016 மார்ச் 16 அன்று வெடித்தது அத்தகைய கலவையே. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே கலத்தில் இருந்தன. ஆய்வாளர் ஒரு கையை இழந்தார். 150 பார் அளவுக்கு நிரப்பப்படும் சிலிண்டரோடு ஒப்பிட்டால் அக்கலத்தின் அழுத்தம் மிகச் சிறிது. நிலைமின் பொறியே பெரும்பாலும் காரணம் என விசாரணை கண்டது. கலத்தைத் தொட்டபோது மின்னதிர்ச்சி முன்பே உணரப்பட்டிருந்தது. வேலை மட்டும் நிற்கவில்லை. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எரியும் ஹைட்ரஜனுக்கு, உடலால் உணரவே இயலாத சிறுபொறியும் போதும்.

சங்கிலியால் சுவரோடு பிணைத்தல், மூடியிட்ட பின்னரே தள்ளுவண்டியில் நகர்த்தல், ரெகுலேட்டர் இணைப்பைச் சோப்பு நீரால் சோதித்தல், ஆக்சிஜன் இணைப்பில் எண்ணெய் படாது காத்தல், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விலக்கி வைத்தல் என்பன எவரும் அறிந்தவையே. அறியப்படாதது வேறு: "இன்று இச்சோதனை வேண்டாம்" என்று கூறும் அதிகாரம் யாரிடம் உள்ளது? சிலிண்டருக்கு அருகில் நிற்பவர் பெரும்பாலும் மாணவர், ஒப்பந்த ஆய்வாளர், புதிதாய் வந்தவர். அவ்வதிகாரம் அவர் கைக்கு வராதவரை, 1940இல் தொடங்கிய விதிகளின் வரலாறு ஆய்வக வாசலிலேயே நின்றுவிடுகிறது.