பந்தடிக்கும் கால்கள்

டேபிள் டென்னிஸ் பந்தின் எடை வெறும் 2.7 கிராம். அதை அடிப்பதற்கு வீரர்கள் ஏன் பெட்டிமேல் ஏறிக் குதிக்கிறார்கள், தரை தொட்டதும் ஏன் மறுபடி எம்புகிறார்கள்? இந்தப் பயிற்சியின் வேர் ஒன்று பம்பாயில் இருக்கிறது, இன்னொன்று மாஸ்கோவில்.

தாவலுக்குத் தந்திரம் தேடுவது பழைய ஆசைதான். பண்டைய கிரேக்கர்கள் கையில் எடைக்கல்லை வீசிக்கொண்டே நீளம் தாண்டினார்கள். மூன்று மீட்டர் தாண்டலில் அது சுமார் 17 சென்டிமீட்டர் கூட்டித் தரும் என்று 2002இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

நம் கதை சூடுபிடிப்பது 1952இல். அந்த ஆண்டு பம்பாயில் நடந்த உலக டேபிள் டென்னிஸ் போட்டிக்கு ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்தார். பந்து பட்ட ஓசைகூடச் சரியாகக் கேட்காமல் எதிராளிகள் திணறினார்கள், பட்டம் அவருக்கே. பிறகு உலகமே ஸ்பாஞ்சுக்கு மாறியது. பந்து வேகமெடுத்ததும் கால்களுக்கு வேலை கூடியது. 1954இல் உலக சாம்பியனான இச்சிரோ ஓகிமுரா, ஓட்டத்தையும் குந்தித் தாவுவதையும் மட்டைப் பயிற்சிக்கு இணையாக மதித்தவர். பயிற்சியாளராக ஸ்வீடனுக்குப் போனபோது அந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனார். 1971இல் ஸ்வீடனின் ஸ்டெல்லன் பெங்ட்சன் 18 வயதில் உலகப் பட்டம் வென்றார்.

இதற்கிடையே மாஸ்கோவில் யூரி வெர்கோஷான்ஸ்கி என்ற தடகளப் பயிற்சியாளருக்குப் பனிக்காலம் பெரும் இடைஞ்சலாக இருந்தது. உள்ளரங்கம் இல்லாததால் மாடிப்படிக்கு அடியில் வீரர்களை எடை தூக்கவைத்தார். மும்முறை தாண்டும்போது ஒற்றைக் கால் தாங்கும் விசை உடல் எடையைப் போலப் பல மடங்கு என்பதைக் கவனித்தார். அத்தனை பாரத்தைத் தோளில் ஏற்றினால் முதுகு தாங்காது. ஆகவே உயரத்திலிருந்து குதிக்கச் செய்து, கால் தரையில் பட்ட உடனே எம்பச் சொன்னார். இழுபட்ட தசையும் தசைநாணும் அந்த ஆற்றலைச் சேமித்து, இழுத்துவிட்ட ரப்பர் போலத் திருப்பித் தருகின்றன. கொஞ்சம் தாமதித்தாலும் அது வீணாகிவிடும்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் வலேரி பொர்சோவ் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றதும் அமெரிக்கர்களுக்குச் சோவியத் பயிற்சி முறைகள்மீது ஆர்வம் பற்றிக்கொண்டது. அமெரிக்கரான மைக்கேல் யெஸ்ஸிஸ் ரஷ்யப் பயிற்சிக் கட்டுரைகளை மொழிபெயர்த்தார். ஒலிம்பிக்கில் ஓடியவரும் எஃப்.பி.ஐ.யில் பணியாற்றியவருமான ஃபிரெட் வில்ட், 1975இல் இந்தக் குதிப்பு முறைக்கு 'பிளையோமெட்ரிக்ஸ்' என்று பெயர் சூட்டினார். கூடைப்பந்தும் கைப்பந்தும் உடனே அதை எடுத்துக்கொண்டன. ஆனால் குதிப்பதற்கு முன்னால் நெடுநாள் வலிமைப் பயிற்சி வேண்டும் என்ற வெர்கோஷான்ஸ்கியின் நிபந்தனையை நகலெடுத்தவர்கள் பலர் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு முழங்கால் வலிதான் மிஞ்சியது.

2000இல் டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. வேகமும் சுழற்சியும் குறைந்தன. இழந்ததை மீட்கக் கைவலு மட்டும் போதவில்லை. டாப்ஸ்பின் அடிக்கும் வீரரைப் பாருங்கள்: கால் மடங்கி, இடுப்பு பின்னால் திரும்பி, மறுகணம் தரையை உந்தி முன்னால் சுழல்கிறது. மாஸ்கோவின் குதிப்பு செய்வதும் இதே வேலைதான்.

உங்கள் பிள்ளை மட்டை பிடிக்கிறதா? முதலில் சத்தமில்லாமல் தரையிறங்கப் பழக்குங்கள். கால்களுக்கு வலு ஏறட்டும். பிறகு தாழ்வான பெட்டி, எண்ணிக்கையில் குறைந்த குதிப்புகள், இடையிடையே போதிய ஓய்வு. உயரத்தைக் கூட்ட அவசரமே வேண்டாம்.